லூமுட் கயிறும் அப்பாவின் ஆசிட்டும்

போன வாரம் என் வீட்டுத் துணிக்கொடி அறுந்து விழுந்தது. மூன்று சட்டை, இரண்டு கைலி, ஒரு துண்டு, ஆறும் மண்ணில். மருமகள் முகம் சுளிக்காமல் மறுபடியும் துவைத்துப் போட்டாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொன்னேன். புதுக் கயிறு வாங்க ஈப்போவில் ஒரு கடைக்குப் போனால், கூரையிலிருந்து பதினொரு வகைக் கயிறு தொங்குகிறது. நான் எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பொறுமையிழந்த கடைப் பையன், "என்னா கயிறு வேணும் அங்கிள்? எதுக்குக் கட்டப் போறீங்க?" என்றான்.

நல்ல கேள்வி. எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு தடவை அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால் வந்த கூத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களுக்கு என்றால், அறுபதைத் தாண்டி எழுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற, ரப்பர்ப் பால் வாடை மூக்கில் இன்னும் மிச்சமிருக்கிற நம் கூட்டத்துக்கு. இளையவர்கள் படித்தாலும் ஆட்சேபம் இல்லை. நடுவில் எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. ஈப்போவிலிருந்து மலைப் பக்கமாக உள்ளே போகும் செம்மண் பாதையில் எங்கள் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் எங்களுக்கு ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் அடுப்படி. அப்பா, அம்மா, அக்கா, நான், இரண்டு தம்பிகள் என்று ஆறு பேர் இருந்தோம். ஏழாவதாக மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மூன்று வருடம் கூடத்தில் படுத்திருந்தார்.

படுத்திருந்தார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணும்போது மாமா ஒரு நாளும் அங்கே இருந்ததில்லை. அப்பாவின் கித்தான் நாற்காலியில் அவர் உட்காருவார். அப்பாவின் சீப்பில் தலை வாருவார். ஒரு போத்தல் தேங்காயெண்ணெயைத் தலைக்கே தீர்த்துவிடுவார். கால் நீட்டிப் படுத்தால் அவருடைய பாதம் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரும். அப்பா படுக்கப் போகும்போது அந்த இரண்டு பாதங்களையும் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் தாண்டும்போது ஒரு பெருமூச்சு விடுவார்.

அப்படிப்பட்ட மாமாவுக்குக் கடலோர ஊரான லூமுட்டில் வேலை கிடைத்தது. பங்கோர் தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் மரப்படகில் கயிறு பிடிக்கிற வேலை. படகு துறையில், அதாவது ஜெட்டியில், சேரும்போது கயிற்றை வீசிக் கட்ட வேண்டும், கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும், மற்ற நேரத்தில் கயிறுகளைக் கழுவிக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாமா பஸ் ஏறிய அன்று அப்பா மாரியம்மன் கோயிலில் சிதறு தேங்காய் உடைத்தார். ஒன்று உடைப்பதாக வேண்டிக்கொண்டவர், சந்தோஷத்தில் மூன்று உடைத்தார்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு மாமா லீவில் வந்தார். தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் பாம்பு மாதிரி சுருண்டு ஒரு நைலான் கயிறு. என் மணிக்கட்டுப் பருமன். இரண்டு கையையும் விரித்து அளந்தால் பதினாறு பாகம். படகைக் கரையேற்றி அடியில் சாயம் பூசுகிறார்களாம். திங்கட்கிழமை அது மறுபடியும் கடலில் இறங்கும். அதற்குள் எங்கள் மலை ஆற்று நல்ல தண்ணீரில் கயிற்றை அலசிக் கொண்டுவருகிறேன் என்று படகுத் தலைவரான தெக்கோங்கிடம் சொல்லி வாங்கி வந்திருக்கிறார்.

"லூமுட்ல பைப்புத் தண்ணி நூல் மாதிரி ஒழுகுது அக்கா. இந்தக் கயித்துக்கு ஒரு ஆறு வேணும்லா" என்றார்.

அம்மா சாக்கைத் தாண்டப் போனாள். மாமா துள்ளி எழுந்தார். "தாண்டாதே! மிதிக்காதே! தாலி அது!"

"என்னாது?"

"மலாய்ல கயித்துக்கு அதான் அக்கா பேரு."

"இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வேணாம். கயிறுன்னே சொல்லு. நல்ல நாளும் அதுவுமா தாலிய சாக்குல போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான்."

தன் சட்டையை ஒரு நாளும் துவைத்தறியாத மாமா, மறுநாள் அந்தக் கயிற்றைத் துவைத்ததைப் பார்க்க ஆற்றங்கரையில் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகளே பன்னிரண்டு பேர். முதலில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மணலும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு தடவை கயிறு இறுகும்போதும் அவை உள்ளேயிருந்து அரத்தைப் போல அறுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் நல்ல தண்ணீரில் ஊறவிட வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் பிடித்து உருவிக்கொண்டே போக வேண்டும். சிப்பித் துண்டு, மீன் செதில், வெட்டுக்காயம் எது இருந்தாலும் விரலுக்குத் தெரியும்.

உருவிக்கொண்டே போனார். கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி முகம். நடுவில் ஒரு செதில் கிடைத்ததும் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். பன்னிரண்டு பேரும் கை தட்டினோம்.

துணி துவைக்க வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இப்படித் தடவுனா அழுக்குப் போவுமா? இங்க குடு" என்று கயிற்றின் நுனியைத் தலைக்கு மேலே தூக்கித் துவைகல்லில் அடிக்கப் போனாள். மாமா கத்திக்கொண்டே பாய்ந்து கல்லின்மேல் குப்புற விழுந்து அதை மறைத்தார். அடி முதுகில் விழுந்தது.

"அடிக்கக் கூடாது அக்கா! முறுக்கிப் பிழியக் கூடாது! சோப்புப் போடக் கூடாது! வெயில்ல காய வைக்கக் கூடாது!"

"கட்டிக்கப் போறவள இப்படிப் பாத்துக்கடா, அவளப் பெத்தவ சாபமாச்சும் வராம இருக்கும்."

அலசிய கயிற்றை ரப்பர் மரங்களுக்கு நடுவே, நிழலில், மரத்துக்கு மரம் வளைத்துத் தொங்கவிட்டார். ஐந்து மரம் பிடித்தது. காற்று வந்து போகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தார். அப்பா வேலை முடிந்து வருகிற வழியில் நின்று, தன் நாற்காலியில் மூன்று வருடம் படுத்திருந்தவன் ஒரு கயிற்றைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, அதே பெருமூச்சை விட்டுவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அன்று மாலை கோயிலில் தேரை வெளியே எடுத்தார்கள். சனிக்கிழமை தேரோட்டம். தேர் என்றால் பெரிய கோபுரம் மாதிரி நினைக்காதீர்கள். நான்கு மரச் சக்கரம், மேலே ஒரு மண்டபம், நெற்றியில் பச்சை சிவப்பு பல்பு பதினெட்டு. அதை இழுக்கிற தேங்காய்நார் வடத்தைப் பூசாரி கொட்டகையிலிருந்து தூக்கினார். அவர் கையில் ஒரு முழம் வந்தது. மீதி தூளாக அங்கேயே கிடந்தது. கறையான்.

எல்லாரும் வாயில் கை வைத்து நின்றபோது மாமா முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"எதுக்குக் கவலைப்படுறீங்க? நூறு பேரோட வர்ற படகையே புடிச்சு நிறுத்துற கயிறு என்கிட்ட இருக்கு. உங்க தேரு என்னா வெயிட்டு? சும்மா இழுக்கும்லா."

தோட்டத்தில் மாமாவை யாரும் மதித்ததில்லை. அன்றைக்கு ஒரு நிமிடம் மதித்தார்கள். பூசாரி மரத்தடிக்கு வந்து கயிற்றை மோந்து பார்த்தார். அந்த நிமிடம் முடிந்தது.

"மீன் கவிச்சை அடிக்குதுப்பா. அம்மன் தேருக்கு இது ஆவாது."

"அம்மனுக்குத்தான் கருவாட்டுக் குழம்பு படைக்கிறோமே!"

"அது படையல். இது வடம். கவிச்சை போனா கட்டலாம். இல்லன்னா வேற வடம்தான் பாக்கணும்."

மாமா மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இன்னொரு தடவை அலசினார். மரங்களுக்கு நடுவே மறுபடியும் தொங்கவிட்டார். கவிச்சை குறைந்தது. போகவில்லை. பிறகு வெயில் ஏறியதும், அடுத்த நாள் வடத்துக்குப் பக்கத்தில் நின்று ஊருக்குத் தெரிய வேண்டுமே என்று, முடி வெட்டிக்கொள்ள டவுனுக்குப் போய்விட்டார்.

இங்கேதான் அப்பா வருகிறார். அப்பா பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். மரத்திலிருந்து வருகிற பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்து, ஷீட்டாக உருட்டுகிற கொட்டகை அது. ஆசிட் கலப்பது அப்பாவின் பொறுப்பு. உலகத்தில் ஆசிட்டால் தீராதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய கட்சி. கோடாலித் துரு, குளிக்கிற இடத்துப் பாசி, குத்துவிளக்குக் களிம்பு, பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருந்த மரு, எல்லாவற்றையும் அதைக்கொண்டே எடுத்திருக்கிறார். மருவோடு கொஞ்சம் தோலும் வந்தது, அது வேறு விஷயம். என் காவிப் பல்லைக்கூட ஒரு தடவை யோசனையோடு பார்த்தார்.

மச்சினனுக்கு உதவி செய்யத்தான் அப்பா அதைச் செய்தார் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. கயிற்றைப் பற்றி ஊரே மாமாவின் பிரசங்கத்தைக் கேட்டது. கழுவுகிற வித்தை தனக்கும் தெரியும் என்று ஒரு தடவையாவது காட்ட வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம், மாமா டவுனில் இருக்கும்போது, கயிற்றை மரங்களிலிருந்து அவிழ்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார். ஒரு காலித் தொட்டியில் போட்டார். பாலுக்கு ஊற்றுகிற அளவு அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் இது அம்மன் காரியம், பால் காரியம் இல்லையே. கண்ணாடி ஜாடியிலிருந்து அரை ஜாடியை அப்படியே சாய்த்தார். தண்ணீர் கொஞ்சம் காட்டினார். சாயங்காலம் வரை ஊறவிட்டார்.

மாமா டவுனிலிருந்து திரும்பியபோது கயிறு மறுபடியும் மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. வேகவைத்த இடியாப்பம் மாதிரி வெளுத்திருந்தது. மீன் வாடை மருந்துக்கும் இல்லை. கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அந்த வாடை லேசாக வந்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எறும்பு சைவம்தானே என்று நினைத்தார்களோ என்னவோ.

மாமா அசந்துபோய் நின்றார். பிறகு திரும்பி, "பாத்தீங்களா? விடியகாலை அலசுனேன்ல, அதோட பவர் இப்பத்தான் தெரியுது. நேரம் குடுக்கணும் மச்சான், நேரம்" என்று அப்பாவிடமே சொன்னார்.

அப்பாவின் வாய் இரண்டு தடவை திறந்தது, இரண்டு தடவை மூடிக்கொண்டது. அவர் தன் வாழ்நாளில் பட்ட கஷ்டங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். அம்மா மஞ்சளும் சந்தனமும் பூசினாள். பூசாரி மோந்து பார்த்துத் தலையாட்டினார்.

சனிக்கிழமை மாலை தேர் புறப்பட்டது. வடத்தின் இரண்டு பக்கமும் முப்பத்து நான்கு ஆண்கள். எண்ணினேன். எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. மாமா எல்லாருக்கும் முன்னால், புதுக் கிராப்போடு, படகிலிருந்து கட்டளை கொடுப்பதுபோல் ஒரு கையை உயர்த்தி நின்றார். பூசாரி தேருக்குப் பக்கத்தில் மைக் பிடித்து, "எல்லாரும் ஒண்ணா இழுங்க, அம்மா தாயே" என்றார். அப்பா அவருக்குப் பக்கத்திலேயே, இனிமேலும் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்ற முகத்தோடு நின்றார்.

மேளம் உச்சத்துக்குப் போனது. மாமாவின் கை இறங்கியது. முப்பத்து நான்கு பேரும் இழுத்தார்கள்.

படீர் என்று ஒரு சத்தமாவது வந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அதுகூட வரவில்லை. பழைய பாய் கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தேர் இம்மி நகரவில்லை. முப்பத்து நான்கு பேரில் பாதி குப்புறவும் பாதி மல்லாக்கவும் செம்மண்ணில் கிடந்தார்கள். ஒருவர் மேலே விழுந்ததில் மேளக்காரருக்கு முழங்கையில் சிராய்ப்பு, மற்றபடி யாருக்கும் அடி இல்லை. மேளம் நின்றது. அம்மன் பதினெட்டு பல்புக்குக் கீழே அமைதியாக எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிசப்தத்தில் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி, ஒலிபெருக்கியில் அப்பாவின் முணுமுணுப்பு வந்தது.

"அரை ஜாடிதானே ஊத்துனேன்..."

பூசாரி மைக்கைப் பொத்தினார். மிகவும் தாமதமாகப் பொத்தினார்.

அந்த வருடம் அம்மனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் ஊர்வலம் போனோம். பெண்கள் தேரைத் தொடக் கூடாது என்று பூசாரி எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்தார். முதல் கையை அம்மா வைத்தாள், பின்னால் லயமே வந்து வைத்தது. போன வருடத்தைவிட வேகமாகப் போய்த் திரும்பினோம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மாமா ஊர்வலத்துக்கு வரவில்லை. அறுந்த கயிற்றோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் திரும்பியபோது ஒவ்வொரு புரியாகப் பிரித்து, விரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைத்த இடத்திலெல்லாம் அது ஊறவைக்காத மீஹூன் அரிசிச் சேமியா மாதிரி ஒடிந்தது. அறுந்த இடத்தில் மட்டும் இல்லை, பதினாறு பாகத்திலும் அப்படித்தான். அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அப்பாவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வருடங்கள் கழித்து, நான்காம் படிவத்தில் ரசாயனம் படிக்கும்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. எறும்பின் உடம்பிலும் இருக்கிற அந்த ஃபார்மிக் ஆசிட் பருத்தித் துணியைக்கூட அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது, நைலானைத்தான் கரைக்கும். ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் புஸ்தகம் எங்கடா போயிருந்துச்சு?" என்று கேட்டார்.

கயிறு அறுந்த அன்று ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கவலையோடு ஆரம்பித்தாள். "கயிறு இல்லாம போனா வேலை என்னாடா ஆவும்?"

"போய்டும்" என்றார் மாமா.

அப்பா கையிலிருந்த சுருட்டு அப்படியே நின்றது. "போனா... நீ எங்க இருப்ப?"

"எங்க இருப்பான்? அவனுக்கு வேற யாரு இருக்கா? இங்கதான்" என்றாள் அம்மா.

அப்பா மெல்லத் திரும்பி அறை வாசலைப் பார்த்தார். அந்த இரண்டு பாதங்களும் மறுபடி அங்கே முளைத்துவிட்டதுபோல ஒரு பார்வை. தன் அரை ஜாடி எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சட்டென்று மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு பாசமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மாப்ள, இங்க பாரு. ரெண்டு துண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுருவோம். பாக்கப் புதுசு மாதிரி வெள்ளையாத்தானே இருக்கு? சாக்குக்கு அடியில வச்சுக் குடுத்துரு. எப்ப அறுந்துச்சோ, யாரு கண்டா?"

மாமா அறுந்த முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் அறிந்த மாமா இதற்குள் 'சரி' என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்.

"கட்டிக் குடுத்துறலாம் மச்சான். ஆனா படகுல ஏறுறவன் ஒரு கால ஜெட்டியில வச்சிருப்பான், ஒரு கால படகுல வச்சிருப்பான். கையில புள்ள இருக்கும். அந்த நேரம் பாத்து அறுந்தா நடுவுல விழுவான்லா. நான்தான் அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்."

மாமா அறுந்த துண்டுகளைச் சாக்கில் அடைத்தார். அப்போதும் சுருட்டித்தான் வைத்தார், கடிகார முள் போகிற பக்கமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மாமாவோடு கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். பள்ளிச் சீருடையைப் போடச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை ஏன்பா?" என்றேன். "படிக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு நின்னா அந்த ஆளு ரொம்பத் திட்ட மாட்டான். மூஞ்சியக் கொஞ்சம் பாவமா வச்சுக்க" என்றார். ஈப்போவில் லூமுட் பஸ் ஏறினோம். மடியில் சாக்கோடு மாமா முன்னால், நானும் அப்பாவும் பின்னால். வழியெல்லாம் பாவமான முகத்தைப் பழகிக்கொண்டு போனேன். சீத்தியவான் டவுனைத் தாண்டும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

தெக்கோங் ஜெட்டியில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வயதான மலாய்க்காரர். மாமா சாக்கைத் திறந்து காலடியில் வைத்தார். அவர் ஒரு துண்டை எடுத்து மோந்தார். "செமுட்?" என்றார், எறும்பா என்று. வளைத்தார். ஒடிந்தது. இன்னொரு இடத்தில் வளைத்தார். அதுவும் ஒடிந்தது. காப்பியைக் கீழே வைத்தார்.

"சியாப்பா புவாட்?"

யார் செய்தது என்ற அந்தக் கேள்விக்கு மாமாவும் "சாயா" என்றார், அப்பாவும் "சாயா" என்றார். ஒரே நேரத்தில். நான் என்று இரண்டு பேரும் சொன்னதும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நான் முகத்தை முடிந்த மட்டும் பாவமாக வைத்துக்கொண்டேன். தெக்கோங் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா நடந்ததை எல்லாம் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். தேர், கவிச்சை, தொட்டி, ஜாடி. ஜாடியின் அளவைக் கையால் காட்டும்போது கொஞ்சம் சின்னதாகக் காட்டினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தெக்கோங், அப்பா எந்த ஊர் என்று கேட்டார்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து டவுன் எது என்று உங்களிடம் இதுவரை சொல்லாமல் வந்திருக்கிறேன். பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்குக் காரணம் புரியும். மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில் பிறந்தவன் தன் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசிப்பான். அப்பாவும் யோசித்தார். பிறகு, "தஞ்சோங் ரம்புத்தான்" என்றார்.

"பாத்தூட்லா" என்றார் தெக்கோங். அதானே பார்த்தேன் என்று அர்த்தம். தொடையில் தட்டிச் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். அந்த ஊர்ப் பெயரால் நான் வாழ்க்கையில் பட்ட கேலிக்கு அளவில்லை. அதனால் ஒரு நன்மை நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்ததும் தீர்ப்புச் சொன்னார். ஒட்டுப்போட்டு ஏமாற்றக் கொண்டுவந்திருந்தால் மாமாவை அப்போதே துரத்தியிருப்பாராம். கொண்டுவந்து காட்டியதால் வேலை இருக்கும். ஆனால் நாளைக்குப் படகு இறங்க வேண்டும், மற்ற ஐந்து கயிறு அதோ உப்போடு கிடக்கின்றன. கயிற்றைக் கெடுத்தவன் அவற்றைக் கழுவட்டும். அவனுக்கு மச்சினன் சொல்லிக்கொடுக்கட்டும்.

அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நூல் மாதிரி ஒழுகுகிற குழாயிலிருந்து பீப்பாயில் தண்ணீர் நிரப்பவே ரொம்ப நேரம் ஆனது. மாமா பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையில் ஐஸ் தண்ணீர் வாங்கி உறிஞ்சிக்கொண்டார்.

"சோப்பத் தேடாதீங்க மச்சான். வெறும் தண்ணி."

"தெரியும்."

"முறுக்காதீங்க. உருவுங்க. மாட்டுக்குப் பால் கறக்குற மாதிரி."

"மாப்ள, வாய மூடு."

"வாய மூடுனா யாரு சொல்லிக் குடுப்பா? கண்ண மூடுங்க. வெரல்ல தெரியும்."

அப்பா கண்ணை மூடினார். மூன்று வருடமாகத் தன் எண்ணெயைத் தீர்த்தவன் சொல்லச் சொல்ல, ஐந்து கயிறுகளையும் முனையிலிருந்து முனை வரை உருவினார். இரண்டாவது கயிற்றில் கை நின்றது. "இங்க ஒரு வெட்டு இருக்கு" என்றார். மாமா இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். இருந்தது. மாமாவே அதுவரை கவனிக்காத வெட்டு. ஐஸ் தண்ணீரை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார். நான்தான் வெறும் வாயோடு சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காயவைக்கிற விஷயத்தில் அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் ஷீட்டைக் கம்பில் தொங்கவிடுகிற கை அல்லவா? கொட்டகை நிழலில் ஐந்து கயிறுகளையும் ஒன்றையொன்று தொடாமல், ஒரே இடைவெளியில், ஒரே இறக்கத்தில் தொங்கவிட்டார். தெக்கோங் வந்து பார்த்தார். பின்பக்கம் போயும் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பி, உன் மச்சான் உன்னைவிட நன்றாகச் செய்கிறாரே, இங்கேயே வேலைக்கு வரச் சொல்லு, உன் அறையில் இன்னொருவர் படுக்க இடம் இருக்கும் அல்லவா என்றார்.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முந்தின நாள் ராத்திரி அப்பா அறை வாசலைப் பார்த்த அதே பார்வை.

"இவருக்கு நீந்தத் தெரியாது தெக்கோங்!"

"உனக்குத் தெரியுமா?" என்றார் தெக்கோங்.

மாமா கடலைப் பார்த்தார். தெரியாது என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். "குறட்டை விடுவாரு" என்றார்.

"படகில் யாரும் தூங்க வருவதில்லை."

"என் ரூம்ல தூங்குவாருலா!" என்று மாமா தமிழிலேயே அலறிவிட்டார். பிறகு மலாய்க்கு மாறி, இவருக்குத் தோட்டத்தில் பெரிய பொறுப்பு இருக்கிறது, இவர் இல்லாவிட்டால் பால் உறையாது, நான்கு பிள்ளைகள், இதோ பாருங்கள் படிக்கிற பையன் என்று என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். காலையிலிருந்து பழகிய முகம் கடைசியில் மாமாவுக்குத்தான் பயன்பட்டது. தெக்கோங் தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பிக்குப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவும் நானும் மட்டும். அப்பாவுக்கு உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. அவ்வப்போது அவற்றை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

செம்மண் பாதை முனையிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தாள். அக்காவும் தம்பிகளும் கூட. நாங்கள் கிட்டே வருவதற்கு முன்பே கேட்டாள்.

"தம்பிக்கு வேலை?"

"இருக்கு" என்றார் அப்பா.

அம்மா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா இரண்டு அடி நடந்துவிட்டு, தாங்க முடியாமல் திரும்பினார்.

"எனக்கே அங்க வேலை கெடச்சிருக்கும். கூப்புட்டாங்க. அவன் ரூம்லயே இருக்கச் சொன்னாங்க. உன் தம்பிதான் குறுக்க விழுந்து கெடுத்துட்டான்."

அம்மா நிஜமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாவிப் பய, கெடுத்துட்டானா?" என்றாள். "ரெண்டு பேரும் அங்கயே இருந்திருந்தா, இந்த வீட்டுல நான் ஒரு நாளாச்சும் கால நீட்டிப் படுத்திருப்பேன்."